தள்ளாதீங்கண்ணே!

பேட்டரி வீல்சேர் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு முதல் எதிரி பேட்டரி இல்லை, பின்னாடி நின்று தள்ளுகிற நல்ல மனுசன்தான்.

நடுரோட்டில் நல்லவர்கள்

கப்பலூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் லாரிக்கு முன்னாடி ரோஸ்லின் அக்கா வண்டி செத்து நிற்கிறது என்று வாட்ச்மேன் போன் பண்ணினார். அக்கா அங்கே ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறார். போய்ப் பார்த்தால் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம், ஆளுக்கொரு யோசனை. லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் குனிந்து சக்கரத்துப் பக்கத்து லிவரை இறக்கினேன். வண்டி கிளம்பிவிட்டது.

அந்த லிவரைத் தூக்கினால் மோட்டார் கழன்றுகொள்ளும், கையால் தள்ளலாம். திரும்ப இறக்காவிட்டால் கைப்பிடியில் இருக்கிற கண்ட்ரோலை எம்புட்டு அமுக்கினாலும் வண்டி அசையாது. நம்ம ஆட்களுக்குத் தூக்கத் தெரியும், இறக்கத் தெரியாது. அன்றைக்குத் தூக்கியவர் அக்காவின் சொந்த அண்ணன் ஜெபராஜ் வாத்தியார். தங்கச்சி ரோட்டைக் கடக்கிறாளே என்று பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்து தள்ளியிருக்கிறார். பாதி ரோட்டில் அவருக்குப் போன் வந்துவிட்டது. நான் போனபோதும் ஓரமாக நின்று பேசிக்கொண்டுதான் இருந்தார். "லிவர், லிவர்"னு அக்கா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

"இம்புட்டுப் பேருக்கும் கை இருக்கு தம்பி, ஒருத்தருக்காச்சும் காது இருக்கா?" என்றார் அக்கா.

ஆடு ஒதுங்கிய கதை

பேரையூர்ப் பக்கம் முத்தையா அண்ணே, காடுகரை வைத்திருக்கிற சம்சாரி. கிணற்றில் விழுந்ததிலிருந்து கால் ரெண்டும் வராது. வண்டியிலேயே போய் ஆடு மேய்க்கிறார். வண்டியோடு வந்த பீப் சத்தம் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும், எந்த ஆடு மதிக்கும்? ஷேர் ஆட்டோ ஹாரன் வேண்டும் என்றார். எங்கள் கடை ஓனர் முடியாது என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே போன்.

"ஆடெல்லாம் ஒதுங்குதுடா தம்பி. எம் பொண்டாட்டிதான் இன்னும் ஒதுங்க மாட்டேங்குறா."

ஆள் வரவில்லை, வண்டி வந்தது

லாரி சம்பவத்துக்கு அடுத்த வாரம் ஜெபராஜ் வாத்தியார் லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அக்கா எங்கண்ணே?"

"கட்டில்ல இருக்கா. எங்க போகப்போறா?"

கைப்பிடியில் இருக்கிற கண்ட்ரோலைக் கழற்றிப் பின்னாடி மாட்ட வேண்டுமாம். இனிமேல் அவரே ஓட்டுவாராம். "லாரிக்கு முன்னாடி போய் நின்னவளை நம்பி எப்படி விடுறது?"

"நிப்பாட்டினதே நீங்கதானேண்ணே?" என்றேன். ஓனர் என் காலை மிதித்தார், நான் விடவில்லை.

"நீங்க ஸ்கூலுக்குப் போயிட்டா அக்காவை வேலைக்கு யாரு ஓட்டிட்டுப் போவா?"

"அவ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபோது எனக்கு ஆளாளுக்குச் சொன்ன புத்திமதியும் இதே குரலில்தான் இருந்தது. ஓனர் "வாத்தியார் சொன்னபடி செய்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கண்ட்ரோல்ல கை வச்ச, கடைக்கு வந்து கையை ஒடிச்சிருவேன்."

"எப்படிக்கா வருவீங்க? வண்டி இங்கல்ல இருக்கு."

"அதுக்குத்தாண்டா சொல்றேன்."

பின்னாடி ஒரு பட்டன்

சாயங்காலம் வண்டியை வீட்டில் இறக்கினோம், அக்கா ஏறி உட்கார்ந்தார். பின்பக்கப் பிடியில் புதுசாக ஒரு சிவப்புப் பட்டன். வாத்தியாருக்கு ஏக சந்தோசம், அமுக்கினார். ஷேர் ஆட்டோ ஹாரன் அலறியதில் எதிர்வீட்டு நாய் எகிறிக் குதித்து ஓடியது. வண்டி அசையவில்லை. திரும்ப அமுக்கினார், திரும்ப அலறல். என்னை முறைத்தார். அதற்குள் அக்கா கைப்பிடிக் கண்ட்ரோலைத் தட்டி வாசலைத் தாண்டியாயிற்று. பட்டனைப் பிடித்தபடியே வாத்தியார் பின்னாடி ஓடினார்.

"விடாம அமுக்கிட்டே வாண்ணே, முன்னாடி போறவன் ஒதுங்கட்டும்!" என்று கத்தினார் அக்கா.

கண்ட்ரோலைப் பின்னாடி மாட்டச் சொன்னார்கள், நான் ஹாரனை மாட்டினேன்.