மலைமுகட்டில் தங்கிவிட்டவள்

கிணறு வெட்டும்போது மண் சரிந்து என் புருஷன் செத்துப்போனார். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அடிவாரத்து ஊரிலிருந்து அப்பா என்னைக் கொல்லிமலைக்கே திரும்ப அழைத்து வந்தார். சோறு வைத்தால் சாப்பிட்டேன். படுக்கச் சொன்னால் படுத்தேன். ஒருநாள் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டேன், கொப்புளம் எழும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்த அண்ணன் அந்த வருஷம்தான் ஊர் திரும்பினான். கூட ஒரு சீனப் பெண். அங்கேயே கட்டிக்கொண்டானாம். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் வீட்டில் நங்கை என்போம், அவளையும் அப்படியே கூப்பிட்டோம். தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவள், தமிழ் நன்றாகவே பேசுவாள். அம்மா முதலில் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. அவள் உரலில் சாமை குத்துவதைப் பார்த்த பிறகு, "கை வாகா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

துக்கத்தைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதவள் நங்கை ஒருத்திதான். காலையில் என்னை உட்கார வைத்துத் தலை வாரிவிடுவாள். ஒருநாள் அப்படி வாரும்போது எதிர் மலையில் மேகம் இறங்கியிருந்தது.

"எங்க கதையில அது மேகம் இல்ல, தங்கச்சி. தேவலோகத்துப் பொண்ணு" என்றாள்.

மேற்கே ஒரு மலையில் வாழும் ராணித்தாயின் மகளாம் அந்தப் பெண். சீனாவில் தாவோ மதத்துச் சாமியார்களைப்போல வித்தை கற்றவளாம், நினைத்தால் மேகமாவாள், நினைத்தால் மழையாவாள். பெரிய ஆறு ஒன்றைப் பாறை அடைத்து ஊர் மூழ்கியபோது, வடிகால் வெட்ட வந்தவனுக்கு வழி காட்டக் கீழே இறங்கினாள். வேலை முடிந்த பிறகும் திரும்பவில்லை. படகுக்காரர்களுக்கு அடையாளமாக முகட்டில் நின்று நின்று கல்லாகிவிட்டாள்.

"அவங்கம்மா கூப்பிடலையா?" என்று கேட்டேன். பல நாளைக்குப் பிறகு நானாகக் கேட்ட கேள்வி அது.

"கூப்பிட்டாங்க. போகல."

"அங்க நிக்கறது அவளுக்குக் கஷ்டமா இல்லையா?"

சீப்பில் சிக்கிய முடியை எடுத்தாள். "தெரியாது. கதையில அது இல்ல."

ஓடைக்கரையில் எங்கள் கன்னிமார் கற்கள் ஏழு உண்டு. நங்கை அங்கே ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட ஆரம்பித்தாள். தண்ணிக்கு வந்த பெண்கள் அம்மாவிடம் கேட்டார்கள்: "ஏனுங்க, அவிங்க ஊர்லயும் கன்னிமாருங்களா?" அம்மா, "இருக்குதாமுங்க" என்றாள், கொஞ்சம் பெருமையாக.

பிறகு சீனாச் சண்டை வந்தது. கீழேயிருந்து ஒரு போலீஸ்காரர் மூச்சிரைக்க மலையேறி வந்தார். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தூட்ல சீனாக்காரி இருக்கறாளாமே?" என்றார். அண்ணனும் நங்கையும் அவரோடு இறங்கிப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினார்கள். இனி அடிக்கடி ஸ்டேஷனுக்கு வந்து போக வேண்டுமாம். சோளக்காடு என்ற ஊர்ச் சந்தையில் தெரிந்தவர்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருநாள் சாப்பிடும்போது, "நாங்க மலேயாவுக்கே போயிடறோம்" என்றான் அண்ணன். அப்பா கை கழுவ எழுந்து போனார்.

தை மாதம் கிளம்பினார்கள். நங்கை என் கன்னத்தைத் தொட்டு, "வாரேன் தங்கச்சி" என்றாள், எங்கள் பேச்சிலேயே. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. அவள் பையைத் தூக்கிக் கொடுத்தேன். அவர்கள் பாதை இறங்கி மறைந்ததும், "உள்ள வா கண்ணு" என்றாள் அம்மா. போனேன்.

மறுநாள் மிளகு பறிப்பு. நான் ஏணியில் ஏறினேன், அம்மா கீழே பிடித்துக்கொண்டாள். அவர்களை நாங்கள் பிறகு பார்க்கவில்லை. அண்ணனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று மலேயாவிலிருந்து ஊர் வந்த ஒருவர் சொன்னார். அடுத்த வருஷம் மலைமேலேயே பள்ளிக்கூட விடுதியில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. வேண்டும், வேண்டாம் என்று எதுவும் தோன்றவில்லை. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன்.