லாரியின் முதுகில் எழுதிய எண்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். கல்யாணமான புதிதில் சமையல் எப்படி என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கமாட்டேன், காதைத்தான் பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட மனிதர் நாலு மாதம் ஊரையே ஏமாற்றினார் என்றால் நம்புவீர்களா?

அவர் மாநகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மரங்களுக்கு ஊற்றுவது, பள்ளம் தோண்டிய இடத்தில் புழுதியை அடக்குவது, இதுதான் வேலை. நான் வீட்டில் துணி தைக்கிறேன். எனக்கு வீசிங் உண்டு. காற்றில் எவ்வளவு தூசு என்று காட்டும் பெரிய போர்டு எங்கள் தெருமுனையில் இருக்கிறது. நூறுக்குக் கீழே இருந்தால் வெளியே போ, மேலே போனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். போர்டு சொன்னால் எனக்கு மறுபேச்சே கிடையாது.

அன்று காலை எழுபத்தெட்டு. தைத்த துணியைக் கொடுக்கக் கிளம்பினேன். பாதித் தெரு தாண்டவில்லை, மூச்சு அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்.

இவர் நனைந்த பேண்டோடு ஓடிவந்தார். எழுபத்தெட்டுன்னுதானே போட்டிருந்தது என்று கேட்டேன். காது சிவந்தது.

அப்புறம் கொட்டித் தீர்த்தார். நாலு மாதமாகத் தினமும் காலையில் போர்டுக்குப் பின்னால் இருக்கிற, தூசை அளக்கும் கருவியைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்ச வேண்டும் என்று சூப்பர்வைசர் உத்தரவாம். அங்கே மட்டும் தூசு அடங்கும், எண் இறங்கும், மேலிடத்துக்கு மனசு குளிரும். எந்தத் தெருவில் எத்தனை மரம் என்று வீட்டில் வந்து ஒப்பிக்கிறவர், இதை மட்டும் மூச்சுவிடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குத் தெம்பு மட்டும் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியே அதிர்ந்திருக்கும்.

நான் வீடு திரும்பியதும் ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயைத் திறப்பதற்கு முன்னால் போர்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து எனக்கு போன் செய்வார். முன்னூத்திப் பத்து, ஜன்னலைச் சாத்திக்கோ என்பார். வேலையும் போகாது, பெண்டாட்டியும் பிழைப்பாள். சாமர்த்தியம்தான். மூன்று நாள் நானும் வாயை மூடிக்கொண்டு சாத்தினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலாம் நாள், ஆட்டோக்காரர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உலாத்திக்கொண்டிருந்தார். உள்ளே போகச் சொன்னேன். போர்டைக் காட்டி, எண்பதுதானேம்மா என்று சிரித்தார். நான் என் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் இவருக்குத் தட்டு வைத்தபோது கேட்டேன்.

"அந்தக் குழந்தைக்கு யாருங்க போன் பண்ணுவா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மறுநாள் போன் வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். போர்டில் எண்பத்தொன்று. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் தெருவுக்குள் ஊர்ந்து வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற மனிதர், சொந்த லாரியை ஒருநாளும் கழுவினதில்லை. டேங்க் முதுகில் அப்பியிருந்த தூசியில், விரலால் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்: 326. அதன் கீழே, 'இதுதான் நிஜம். ஜன்னலைச் சாத்துங்க.'

வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் எனக்கும் தோன்றிவிட்டது. ஆட்டோக்காரர் அதைப் படித்தார். போர்டைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம்தான் நான் சாத்தினேன்.