விழுந்த சுவருக்கு இரண்டாவது கோட்டிங்

என் மாமா பெயிண்டர். ஒத்துக்கொண்ட வேலையை முடிக்காமல் அடுத்த இடத்து வாசலை மிதிக்க மாட்டார். இந்த நல்ல குணத்துக்குக் கிடைத்த பரிசுதான் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர்.

ஒப்பந்தப்படி இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். முதல் கோட்டிங் காய்ந்ததும் பெருமழை பெய்து, சுவர் மொத்தமும் சரிந்து விழுந்தது. வேலை முடிந்ததென்று கையெழுத்துக் கேட்டு மேனேஜரிடம் போய் நின்றார் மாமா. அதைக் காட்டினால்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய வேலை அவர் கைக்கு வரும்.

மேனேஜர் பெரிய நியாயஸ்தர். "ரெண்டாவது கோட்டிங் அடிக்கலையேப்பா?"

"சுவரே இல்லையே சார்!"

"சுவர் நிக்கணும்னு ஒப்பந்தத்துல எங்கேயும் எழுதலையே."

வீட்டில் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ விழுந்து கிடக்கிறதுக்கே அடிச்சுட்டு வாங்களேன். அம்சமா இருக்கும்."

கிண்டலைப் புரிந்துகொள்ளும் பழக்கம் மாமாவுக்கு இல்லை. மறுநாள் இடிபாட்டின் மேல் குத்தவைத்து உட்கார்ந்து, துண்டு துண்டாகப் பக்குவமாக அடித்து முடித்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

மேனேஜர் வந்து சுற்றிப் பார்த்தார். "அடிப்பக்கமெல்லாம் விட்டுப்போச்சே?"

"புரட்டிப் போடுங்க சார், அடிக்கிறேன். நான்தான் புரட்டணும்னு ஒப்பந்தத்துல எங்கேயும் எழுதலையே."

மேனேஜர் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பளபளத்த அந்தக் கற்களைப் பிறகு ஒரு லாரி அள்ளிக்கொண்டு போனது.

பள்ளிக்கூடத்தில் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன், மாமா அங்கிருந்த சுவரை இரண்டு கையாலும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.