கேட்டுப் புத்தகமும் முதலாளியம்மாவும்

அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள். பங்குதாரர் பதில் சொல்ல அவ்வளவுதான் அவகாசம். பதில் வராவிட்டால், ரொக்கத்துக்குச் சம்மதம் என்று பொருள். கம்பெனியே அச்சடித்து அனுப்பிய விதி இது. நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன்... விதியை வாசிக்காமல் கோப்பிகூடக் குடிப்பதில்லை.

விஷயம் இதுதான். மலாயாவில் நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் கம்பெனியை லண்டனில் இன்னொரு கம்பெனி வாங்குகிறது. பழைய பங்குக்கு ரொக்கம் வேண்டுமா, புதுக் கம்பெனியின் பங்கு வேண்டுமா? பங்கு எடுப்பவர்கள் பிற்பாடு இதே விலையில் இன்னும் கொஞ்சம் வாங்கவும் உரிமை உண்டு.

சுங்கைப் பட்டாணி டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் அண்ணன், கேட்டவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் சொன்னார். "காட்டுல கம்யூனிஸ்ட்காரன் துப்பாக்கி வெடிக்குது, ரப்பர் மரத்த வெட்டிச் சாய்க்கிறானுங்க. இப்பப் போயி பங்கா? ரொக்கமா டூயிட்ட வாங்கிட்டு நிம்மதியா தூங்குங்க-லா!"

தோட்டத்து மருத்துவச்சி தெரசா வேறு மாதிரி. இறந்துபோன கணவர் வாங்கி வைத்த பங்குகள் அவருடையவை. "ரொக்கம் வந்தா கரைஞ்சிடும் ஐயா. வருஷா வருஷம் வர்ற லாபத்துலதான் எம் மக கான்வென்ட்டுல படிக்குது."

தோட்டத்து முள்வேலிக் கேட்டில் காவலர் மாணிக்கம், பங்குக்காரி என்று கேலி செய்தபடியே, தினமும் தெரசாவின் கூடையைச் சோதிப்பார்.

"முதலாளியம்மா, கூடையத் தொறங்க. காட்டுக்காரனுக்கு அரிசி கிரிசி போவுதா?"

"இருந்தா ஒனக்கே பொங்கிப் போட்டிருக்க மாட்டேனா தம்பி!"

சிக்கல் எங்கே வந்தது? சாலையில் தாக்குதல், ஊரடங்கு. அறிவிப்பு இருந்த தபால் பை மூன்று வாரம் டவுனிலேயே கிடந்தது. வந்த மறுநாளே தெரசா 'பங்கு' என்று எழுதி அனுப்பிவிட்டார். கம்பெனி சொன்னது: காலம் கடந்துவிட்டது, ரொக்கம்தான். அவர்கள் எண்ணியது லண்டனில் தபாலில் போட்ட நாளிலிருந்து!

தெரசா என் வீட்டுக்கு வந்து கடிதத்தை நீட்டினார். "எனக்கு என்னிக்குக் கெடைச்சதுன்னு யாரு ஐயா சாட்சி சொல்லுவா?"

யாரா? கேட்தான்! அவசரகாலம் வந்ததிலிருந்து அந்த வேலிக்குள் ஒரு கோழி நுழைந்தாலும் புத்தகத்தில் ஏறுகிறது. தபால் பை ஏறாதா?

ஏறியிருந்தது – நாளும் நேரமும், மாணிக்கத்தின் கோணல் எழுத்தில். மேனேஜர் கையெழுத்தோடு நகல் எடுத்து, விதியையும் அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

"லண்டன்காரன் ஒங்க கேட்டுப் புத்தகத்தையா நம்புவான்?" என்று காதர் அண்ணன் சிரித்தார்.

நம்பினான். தெரசாவின் பங்கு பங்காகவே இருக்கிறது, மகளின் படிப்பும் தொடர்கிறது. கம்பெனியின் பதில் வந்த நாளும் அதே புத்தகத்தில்தான் பதிவாகியிருக்கிறது: 'தபால் பை. முதலாளியம்மாவுக்கு லண்டன் கடிதம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், காலை பத்தே கால்.'