அட்டை இன்ஜின்

எங்க வீட்டுக்காரருக்கு வெளியில "ரெண்டு விரல்"னு பேரு. கட்டிலைச் சுவத்துல இருந்து ரெண்டு விரல் தள்ளித்தான் போடுவார். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ரெண்டு விரல். செருப்புக் கடைக்குப் போனா குதிகால் பக்கம் விரலை விட்டுப் பார்ப்பார், கடைக்காரர் முறைப்பார், இவர் கண்டுக்க மாட்டார். கல்யாணத்தன்னிக்கு எடுத்த போட்டோவுலயே எங்கிட்ட இருந்து ரெண்டு விரல் தள்ளி நின்ன மனுஷன். கேட்டா, "எதுவும் எதோடயும் இடிக்கக் கூடாதும்மா"ன்னு விளக்கம் வேற.

இவர் ஜீப் ஓட்டறவர். மலைக்கு மேல ஒரு அணை இருக்கு, அதை ஒட்டிக் குடியிருப்பு. அங்க வேலை பார்க்கறவங்களையும் அவங்க சாமானையும் ஏத்திட்டுப் போய் வருவார். பாதைன்னு சொல்றதெல்லாம் ஒரு மரியாதைக்கு. முழுக்கக் கல்லு. நடுவுல ஒரு ஓடை, பாலம் கிடையாது, தண்ணியில இறங்கித்தான் ஏறணும். வேற எந்த வண்டியும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது.

எங்க ஒரே பொண்ணு அந்தக் குடியிருப்புலதான் இருக்கா. மாப்பிள்ளைக்கு அணை மதகைத் திறந்து மூடற வேலை. இவ அங்க உள்ள சின்னப் பள்ளிக்கூடத்துல டீச்சர். தலைப்பிரசவம். "சீக்கிரம் கீழ வந்துடுடி"ன்னா, "பரீட்சை முடிஞ்சு லீவு விடட்டும்மா"ன்னு பிடிவாதம். லீவு விடறதுக்கும் மழை ஆரம்பிக்கறதுக்கும் சரியா இருக்கும். மழை பிடிச்சா ஓடை பெருகிடும். ஆஸ்பத்திரியோ கீழதான். ஜீப் போகலேன்னா கட்டிலோட தூக்கிட்டுத்தான் வரணும். போன மழையில ஒருத்தியை அப்படித் தூக்கிட்டு வந்தாங்க. அந்தக் கதையை நான் சொல்லப் போறதில்ல.

ஜீப்போட இன்ஜினுக்கு என் மாமனார் வயசு. நீலமாப் புகை விடும், நாலு தடவை இருமினாத்தான் கிளம்பும். மேல போற வழியில பாறை வளைவுன்னு ஒரு ஏத்தம் இருக்கு. அங்க வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லாரும் இறங்கிப் பின்னால போய்த் தள்ளுவாங்க. கடைசியாப் போனப்ப, தள்ளியும் ஏறாம வண்டி பின்னால வழுக்கி, சக்கரத்துக்குக் கல்லு கொடுத்து நிறுத்தியிருக்காங்க. அதை இவர் எங்கிட்டச் சொல்லல. கூடப் போன ஆளு சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மாசமா இருக்கறவளை இறங்கித் தள்ளுன்னா சொல்ல முடியும்?

இன்ஜினை மாத்தணும்னு இவருக்குத் தெரியாம இல்ல. ரொம்ப நாளாத் திட்டம் போட்டுட்டுத்தான் இருந்தார். திட்டம்னா இப்படி அப்படித் திட்டம் இல்ல. பழைய வண்டி உடைக்கிற கடையில ஒரு சரக்கு வேனோட டீசல் இன்ஜினைப் பார்த்து வச்சிருந்தார். அதை அளக்கறதுக்கு அந்தக் கடைக்கு நடையா நடந்தார். கடைக்காரர், "அண்ணே, பொண்ணு பார்க்க வந்தவங்க கூட ஒரு தடவைதாண்ணே பார்ப்பாங்க"ன்னு சிரிச்சுட்டு, இவருக்குன்னே ஒரு ஸ்டூல் போட்டு வச்சுட்டார். கியர்பாக்ஸோட சேருமா, ரேடியேட்டருக்கு இடம் இருக்குமா, பானெட் மூடுமான்னு ஒவ்வொண்ணாக் கேள்வி. ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சா இன்னொண்ணு முளைக்கும். எனக்குத் தெரியும், அது அளவு இல்ல, பயம். பழைய இன்ஜினைக் கழட்டிட்டா வண்டி வெறும் கூடு. புதுசு உக்காரலேன்னா அதுவும் போச்சு, இதுவும் போச்சு.

அப்புறம் ஒருநாள் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிட்டு வந்து, அந்த இன்ஜின் அளவுக்கே அட்டையில ஒரு இன்ஜின் செஞ்சார். விளையாட்டுப் பேச்சு இல்ல. மேல மூடி, பக்கத்துல பம்பு, அடியில எண்ணெய் நிக்கற தொட்டி, அதுக்குப் பேரு ஆயில் சம்ப், எல்லாம் அச்சு அசல். பேனாவால போல்ட்டுக்கூட வரைஞ்சிருந்தார். அது எங்க வீட்டு ஹால்ல டிவிக்கு முன்னால உக்காந்திருந்தது. நான் வீடு பெருக்கறப்ப அதைச் சுத்திப் பெருக்கணும். "பார்த்து, பார்த்து, சம்ப் நசுங்கிடப் போகுது!"ன்னு உள்ளேயிருந்து சத்தம் வரும். "நசுங்கினா என்னங்க, எண்ணெயா கொட்டப் போகுது?"ன்னு கேட்டா மூஞ்சி சுருங்கிடும்.

பொண்ணு தினமும் போன் பண்ணுவா. "அப்பா, வண்டி ரெடியா?"

"அளவு எடுத்துட்டேன்மா."

"நேத்தும் இதையேதான்பா சொன்னீங்க."

"நேத்து வேற அளவும்மா."

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. போனைப் பிடுங்கி, "உங்கப்பா அளந்து முடிக்கறதுக்குள்ள உன் பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்டி"ன்னேன். அவ சிரிச்சா. ஆனா சிரிச்சு முடிச்சுட்டு மெதுவா, "அம்மா, இங்க மேகம் கட்ட ஆரம்பிச்சாச்சு"ன்னா. இவர் எழுந்து ஷெட்டுக்குப் போய், பழைய இன்ஜினோட முதல் போல்ட்டைக் கழட்டினார்.

செயின் கட்டி அதைத் தூக்கி வெளிய எடுத்ததும் ஜீப்பைப் பார்க்கவே எனக்குப் பகீர்னு இருந்தது. முன்னால கனம் போனதும் வண்டி மூக்கைத் தூக்கிட்டு நின்னுச்சு. வண்டியோட அடிச்சட்டம், அதான் சேஸ், அது மேல குறுக்கே ரெண்டு மரச்சட்டம் வச்சு, அட்டை இன்ஜினை அது மேல உக்கார வச்சார். டார்ச்சை எடுத்துட்டு வண்டிக்கு அடியில போய்ப் படுத்தார். முன்சக்கரம் ரெண்டையும் சேர்க்கற இரும்பு இருக்கே, ஆக்ஸில், அதுக்கும் ஆயில் சம்புக்கும் நடுவுல கையை விட்டுப் பார்த்தார். வெளிய வந்த முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "ரெண்டு விரல் இல்லம்மா, முழுசா ஒரு கை போகுது!"

வெல்டர் மறுநாள் காலையில வந்து, இன்ஜின் நிக்கற மவுண்டிங்கை அந்த இடத்துலயே பத்த வைக்கறதா ஏற்பாடு. அன்னிக்குச் சாயங்காலம் இவரோட அக்கா வந்தாங்க. எனக்கு நாத்தனார், ஆனா அண்ணின்னுதான் கூப்பிடுவேன். அவங்களும் என்னை மாதிரிதான், உடம்புல வஞ்சனை இல்லாம வளர்ந்தவங்க. ஷெட்டுல உக்கார இடமில்ல. சீட்டெல்லாம் கழட்டி வெளிய கிடக்கு. ரெண்டு பேரும் டீயைக் கையில வச்சுக்கிட்டு ஆளுக்கொரு முன் மட்கார்டுல ஏறி உக்காந்தோம். இவர் ஒரு ஓரமா நின்னு பொண்ணுகிட்டப் போன் பேசிட்டிருந்தார். "நாளைக்கு வெல்டர் வர்றார்மா. எல்லாம் கனகச்சிதமா இருக்கு, நீ ஒண்ணும் பயப்படாத..."

அப்பதான் எங்களுக்கு நடுவுல இருந்து கறுக்குனு ஒரு சத்தம்.

"ஐயையோ, என் இன்ஜின்!"னு கத்திட்டே ஓடி வந்தார். "இறங்குங்க ரெண்டு பேரும்! வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?"

அண்ணி சும்மா விடுவாங்களா? "ஏன்டா தம்பி, நாங்க உக்காந்தது தகரத்து மேல. உன் அட்டையை நாங்க தொடவே இல்லையே!"

இவர் வாயைத் திறந்தார். அப்படியே நின்னுட்டார். நாங்க ரெண்டு பேரும் இறங்கப் போனோம். "இறங்காதீங்க"ன்னார். குரலே மாறிப் போச்சு. டார்ச்சை எடுத்துட்டு அடியில போனவர் ரொம்ப நேரம் வரல. கால் மட்டும் வெளிய தெரிஞ்சது, அதுவும் அசையல. "என்னங்க? என்னங்க ஆச்சு? சொல்லுங்களேன்!"

ஊர்ந்து வெளிய வந்து தரையிலேயே உக்காந்தார். அட்டை சம்போட அடிப்பக்கம் ஆக்ஸில் முட்டி நசுங்கி இருக்குன்னார். நாங்க உக்காந்ததுல முன்பட்டை, அதான் முன்பக்கத்தைத் தாங்கற வில்லு, அமுங்கி, வண்டி இறங்கி, சம்ப் போய் ஆக்ஸில்ல இடிச்சிருக்கு. நிஜ இன்ஜின் எங்க ரெண்டு பேரை விடக் கனம். அது உக்காந்தா இன்னும் இறங்கும். அதுக்கு மேல கல்லுல ஒரு குதி குதிச்சா ஆக்ஸில் சம்பை உடைச்சு எண்ணெய் மொத்தமும் கொட்டிடும். எண்ணெய் இல்லாத இன்ஜின் அந்த இடத்துலயே இறுகி நின்னுடும்.

"ஓடைக்கு நடுவுல நின்னிருக்கும்"னார். "அவளை வச்சுக்கிட்டு."

போன் அவர் கையில இன்னும் இருந்தது, பொண்ணு லைன்லதான் இருந்தா. "அப்பா? என்னப்பா சத்தம்?"னு கேட்டுட்டே இருந்தா. நான்தான் வாங்கி, "ஒண்ணுமில்லடி, அத்தை உக்காந்தாங்க"ன்னேன்.

"எல்லாத்தையும் அளந்தேனே"ன்னு இவர் தலையில கையை வச்சுக்கிட்டார். "நீளம், அகலம், உயரம், ஒண்ணு விடல. அட்டைக்கு எடை இல்லங்கறது புத்தியில ஏறலையே. பழைய இன்ஜினையே திரும்ப மாட்டிடறேன்மா. என்னால ஆகாது."

எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது. கோவம்தான் முந்திக்கிச்சு. "பழசை மாட்டிட்டு? பாறை வளைவுல உங்க பொண்ணை இறக்கி விட்டு வண்டியைத் தள்ளச் சொல்லுவீங்களா? இடிக்குதுன்னு இன்னிக்கே தெரிஞ்சதே, அதுக்குச் சந்தோஷப்படுங்க. இடிக்காத மாதிரி என்ன செய்யணுமோ அதைச் செய்யுங்க. எந்திரிங்க!"

எந்திரிச்சார். மறுநாள் வந்த வெல்டரோட உக்காந்து பேசினார். சம்போட முன்பக்க ஆழத்தை வெட்டிக் குறைச்சு, பின்னால தள்ளி ஆழமாக்கி, எண்ணெய் உறிஞ்சற குழாயையும் அதுக்கேத்த மாதிரி மாத்தினாங்க. முன்பட்டைக்கு அடியில இன்னொரு பட்டை சேர்த்தாங்க. நிஜ இன்ஜின் ஏறினதும் இவர் செஞ்ச கூத்தைச் சொல்லணுமே! தெருவுல போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு வண்டியில ஏத்தி உக்கார வச்சார். அண்ணி பானெட் மேல. மணல் மூட்டை வேற. ஜனங்களுக்கு ஒரே சிரிப்பு. அடியில படுத்து விரலை விட்டுப் பார்த்துட்டு, "ரெண்டு விரல் நிக்குது"ன்னு சத்தம் போட்டார். எல்லாரும் கை தட்டினாங்க. அவர் மட்டும் சிரிக்கல.

அதுக்குள்ள மழை வந்துடுச்சு. லீவு விட்ட மறுநாளே பொண்ணைக் கூட்டிட்டு வர நானும் இவரும் கிளம்பினோம். பாறை வளைவு வந்ததும் பழக்க தோஷத்துல நான் கதவைத் திறந்து காலைக் கீழ வைக்கப் போனேன். "எங்க இறங்கற? உக்காரு"ன்னார். வண்டி பாட்டுக்கு ஏறிடுச்சு, ஒரு இருமல் இல்ல. எனக்கு அவரை ஒரு வார்த்தை பாராட்டணும்னு இருந்தது. ஆனா வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு பேசாம இருந்தேன்.

மேல போய்ச் சேர்ந்தா, மாப்பிள்ளையால எங்களோட வர முடியல, தண்ணி ஏறறதால மதகை விட்டு நகரக் கூடாது. பொண்ணை முன் சீட்டுல ஏத்தி, தலையணை வச்சு, நான் பின்னால உக்காந்து அவ தோளைப் பிடிச்சுக்கிட்டேன். ஓடை நாங்க போனப்ப இருந்ததை விடப் பெருகி, கலங்கலா ஓடிட்டிருந்தது. இவர் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தார். அப்புறம் மெதுவா இறக்கினார். தண்ணி கதவை அறைஞ்சுது. பொண்ணு கண்ணை மூடிக்கிட்டா. கரை ஏறறப்ப ஒரு பெரிய கல்லு, முன்சக்கரம் ஏறி தொப்புன்னு இறங்குச்சு. அடியில டக்குனு ஒரு சத்தம்.

எனக்கு உசுரே போயிடுச்சு. இவர் முகம் வெளுத்துப் போச்சு. கரையில சமமான இடத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சுட்டு இறங்கினார். "ரெண்டு பேரும் அப்படியே உக்காருங்க. அசையாதீங்க." கொட்டற மழையில சேத்துல மல்லாந்து படுத்து அடியில போனார்.

"எண்ணெய் சொட்டுதாங்க?"

பொண்ணு என் கையை இறுக்கிப் பிடிச்சா.

கொஞ்ச நேரம் கழிச்சு கீழ இருந்து குரல் வந்தது. "சொட்டல. கல்லு தெறிச்சதுதான். மூணு பேர் எடைக்கும் ரெண்டு விரல் நிக்குது."

"எங்க மூணு பேரு?"ன்னு நான் சிடுசிடுத்தேன், பதட்டத்துல. "நீங்கதான் கீழ கிடக்கறீங்களே. மேல நாங்க ரெண்டு பேருதானே!"

பொண்ணுதான் வயித்து மேல கையை வச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. அவ கண்ணு நிறைஞ்சிருந்தது. நான் வாயை மூடிக்கிட்டேன். அவர் அந்த இடுக்குல இருந்து விரலை எடுக்கற வரைக்கும் மூச்சைக் கூட மெதுவாத்தான் விட்டேன்.