பேப்பர் ஓரத்தில் எழுதினது

என் வீட்டுக்காரர் இருந்தவரை காலையில் பேப்பரைச் சத்தமாகத்தான் படிப்பார். மில்லில் தறிகளுக்கு நடுவே நின்றவர், மெதுவாகப் பேச வராது. நான் அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்வேன். ராக்கெட்டானாலும் ரோடானாலும் எனக்கென்று ஒரு கருத்து இருக்கும்.

"இதையெல்லாம் வெளியில சொல்லேன்டி. யாராவது வாசல்ல வந்து நின்னா மட்டும் கதவு பின்னாடி பூந்துக்கற" என்பார்.

அது உண்மைதான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த அஞ்சு வருஷத்திலும் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்திருக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுப்பேன், அவள் எழுந்து சொல்லி நல்ல பேர் வாங்குவாள்.

அவர் போன பிறகு பேப்பரை நிறுத்த மனசு வரவில்லை. மெல்லப் படிக்கப் பழகினேன். ஆனால் பதில் சொன்னால் கேட்க ஆள் இல்லை. ஒருநாள் காலண்டரில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை எடுத்து, செய்திக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளை ஓரத்தில் எழுதினேன். நிலாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றிய செய்தி அது. 'இருந்தால் சந்தோஷம். முத்தியால்பேட்டையில் குழாயில் வருவது உப்புக் கரிக்கிறது, அதையும் யாராவது வந்து பார்க்கட்டும்' என்று எழுதினேன். மனசு லேசானது. அப்புறம் தினமும் எழுதினேன்.

சத்தமே போடாத மின்சார பஸ் விடப்போகிறார்கள் என்று வந்தது. 'புகை இல்லை, நல்லது. பின்னால் வருவது காதில் விழாவிட்டால் என் வயசுக்காரி எப்படி ஒதுங்குவாள்? ஒரு மணியாவது கட்டுங்கள்' என்று எழுதினேன். புல்வார் என்கிற சுற்று ரோட்டுக்கு உள்ளே, கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களில் அலங்கார விளக்கு நட்டார்கள். 'எங்கள் பக்கம் கம்பம் இருக்கிறது. விளக்குதான் இல்லை.' செத்துப்போனவர்களின் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும் என்று ஒரு செய்தி. அதன் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'எங்கள் வீட்டுக்காரர் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை' என்று எழுதி மடித்து வைத்தேன்.

வாரக் கடைசியில் பேப்பர் கட்டு மொத்தமும் எதிர் வரிசையில் குடியிருந்தவளுக்குப் போகும். என்னைவிடப் பத்து வயசு இளையவள், மாதாகோயில் போகிறவள். சாயங்காலம் நாலு மணிக்குத் தள்ளுவண்டியைக் கடைத்தெரு முனைக்குத் தள்ளிப்போய் வடை, போண்டா, மிளகாய் பஜ்ஜி போடுவாள். முதல் வடையை எண்ணெயில் விடும்போது சிலுவை போட்டுக்கொள்வாள். புருஷன் விட்டுப்போன வருஷத்திலிருந்து அந்த முனைதான் அவளுக்குச் சோறு. எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது எனக்கும் ரெண்டு கீரைவடை கொண்டுவருவாள்.

அச்சு மை உடம்புக்கு ஆகாது, பலகாரத்தைப் பேப்பரில் கட்டக்கூடாது என்று ஒரு தடவை செய்தி வந்தது. அதன் ஓரத்தில் அவளுக்கென்றே எழுதினேன்: 'உள்ளே இலை வை.' அடுத்த வாரத்திலிருந்து வாழையிலைத் துண்டு வைத்து, மேலேதான் பேப்பர் சுற்றினாள். நான் எழுதுவதை அவள் படிக்கிறாள் என்று அதில்தான் தெரிந்தது.

மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது.

"அக்கா, உன்னால இன்னிக்கு சண்டை" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "நீ மின்சார பஸ்ஸுக்கு மணி கட்டச் சொன்ன பாரு, அதப் படிச்சிட்டு ஒரு ஆட்டோக்காரரு சரின்றாரு, இன்னொருத்தரு, 'மாட்டுக்குதான்யா மணி கட்டுவாங்க'ன்றாரு. ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு போண்டா தின்னுட்டு சண்ட போட்டாங்க. நல்ல யாவாரம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "நான்னு சொல்லிட்டியா?"

"சொல்லுவனா? 'யாரும்மா எழுதறது'ன்னு கேட்டாங்க. கவர்னர் மாளிகையிலேர்ந்து வர்ற பேப்பருன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி."

"ஓரத்துல எழுத்து இருக்கற பேப்பர்லயே கட்டுன்னு கேக்கறாங்கக்கா. நீ எழுது."

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். ஆனால் உள்ளுக்குள் பிடித்திருந்தது. ஒரு கூட்டத்தின் முன்னால் நிற்காமலே நாலு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள்! பென்சில் எண்ணெயில் மங்கிவிடும் என்று பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறினேன். எழுத்தைப் பெரிசாக்கினேன். முன்னே மனசில் பட்டதை எழுதினவள், இப்போது படிக்கிறவர்கள் 'ஆமாம்' என்று சொல்லும்படி எழுதினேன். கொஞ்சம் காரமாக.

அந்தச் சமயத்தில்தான் நடைபாதை செய்தி வந்தது. நகரத்தின் நடைபாதைகளை மீட்டு, கல் பதித்து, மக்கள் நடப்பதற்கே விடுவார்கள். வண்டிக்கடைகளைக் கணக்கெடுத்து, பதிவானவர்களுக்கு மட்டும் இடம் ஒதுக்குவார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு ஜூஸ் கடைக்காரன் நடைபாதையில் பரப்பியிருந்த நாற்காலிகளைத் தாண்ட நான் ரோட்டில் இறங்கி, ஸ்கூட்டர் இடித்து என் முட்டி பெயர்ந்திருந்தது. மருந்து போட்ட முட்டியோடுதான் எழுதினேன், நீல மையில், பெரிய எழுத்தில்: 'ரொம்ப சரி. நடைபாதை நடக்கிறவர்களுக்கு. எல்லா வண்டியையும் தூக்க வேண்டும். ஒன்று விடாமல்.'

அவள் வண்டி என் நினைப்பிலேயே இல்லை. வண்டிகள் என்றால் எனக்கு மற்ற வண்டிகள்.

கணக்கெடுக்க வந்தவர்கள் காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். பெரிய போனில் வண்டியைப் படம் பிடித்தால், அது எந்த இடத்தில் நிற்கிறது என்று போனே குறித்துக்கொள்ளுமாம். பதினோரு மணிக்கு அவள் வீட்டில் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். முனை காலியாக இருந்தது. போன் காலி என்றே குறித்துக்கொண்டது. அந்த நேரத்துக்கு அது உண்மையும்தான்.

பட்டியலில் இல்லை என்று தெரிந்து ஆபீசுக்கு ஓடினாள். ஆட்சேபம் கேட்கிற கூட்டம் ஒன்று நடக்கும், அக்கம்பக்கத்தில் யாரையாவது கூட்டிவந்து சொல்லச் சொல்லுங்கள் என்றார்களாம்.

"நீ வாக்கா" என்றாள். "பக்கத்து வாத்தியாரு வூட்ல கேட்டேன், வேலை இருக்குன்ட்டாங்க. வடை தின்னறவங்க யாரு வருவாங்க? நீதான் எல்லாத்துக்கும் எழுதறியே. 'இவ அங்கதான் கடை போடறா'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

"வர்றேன்" என்றேன். அன்றைக்கு ராத்திரி பூராவும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சமுதாயக் கூடத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரை, அதில் எங்கள் தெருக்கள். வண்டி நிற்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளி. அவள் முனையில் புள்ளி இல்லை. ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவள் முறை வந்தபோது நன்றாகத்தான் பேசினாள். சாயங்காலக் கடை, காலையில் எப்படி சார் இருக்கும் என்று கேட்டாள். அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"சரிம்மா. உங்களுக்காகச் சொல்றதுக்கு யாராவது வந்திருக்காங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன், எழுந்திருக்க. அதற்குள் எனக்கு முன்னாலேயே ஒருவர் எழுந்துவிட்டார். முனையில் இனிப்புக் கடை வைத்திருப்பவர். சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"சார், இந்தம்மா கடைப் பொட்டலத்துலயே ஜனங்க எழுதியிருக்காங்க, கேளுங்க. 'எல்லா வண்டியையும் தூக்க வேண்டும். ஒன்று விடாமல்.' வடை கட்டுன பேப்பரே சொல்லுது சார்!"

கூடமே சிரித்தது. என் எழுத்தை ஒருவர் சத்தமாகப் படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இது யார் எழுதினதும்மா?"

இப்போது அவள் கையை நீட்டிக் காட்டினால் போதும், அகப்பட்டுவிடுவேன் என்று நினைத்தேன். காட்டிவிட மாட்டாளா என்றுகூட நினைத்தேன்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "பழைய பேப்பர் கடையில கட்டா வாங்கறது. யார் வூட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"சரி, சாட்சி சொல்ல யாரும் இருக்காங்களா?"

இந்தத் தடவை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல சார்."

நான் நாற்காலி முதுகைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் வந்தோம். வெயில் அதிகம் என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் வண்டியை விற்றுவிட்டாள். காலாப்பட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. விடியற்காலை பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பேப்பர் வாங்க யாரும் வரவில்லை. கட்டுகள் பீரோ பக்கத்தில் ஏறிக்கொண்டே போயின. நான் ஓரத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசை முடிந்து வந்த பிறகு, வீட்டுக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்றாள். உட்காராமலே சொன்னேன்.

"அந்தப் பேப்பர்ல எழுதினது..."

"தெரியும்க்கா. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கட்டுப் பிரிக்கும்போதே படிச்சேன்."

"படிச்சிட்டுமா அதுல கட்டிக் குடுத்த?"

"நம்ம வண்டியச் சொல்லலன்னுதான் நெனச்சேன்."

"நானும் அப்படித்தாண்டி நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடித்து, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமும் இருந்தது.

"எழுதுனதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கலக்கா" என்றாள். "நீ ஏந்திரிப்பன்னு பாத்தேன்."

பழையபடி பேச்சு வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லோடுதான் நான் அன்றாடம் எழுந்திருக்கிறேன்.

நடைபாதைக்குக் கல் பதித்துவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லக் கூடாது. முதல் மாசம் அதில் நடந்தேன். இப்போது அதன்மேல் ஸ்கூட்டர்களை நிறுத்துகிறார்கள். இனிப்புக் கடைக்காரர் ஐஸ்கிரீம் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அவள் வண்டி நின்ற முனையில் ஒரு பூந்தொட்டி, அதில் பூ இல்லை. நான் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறேன்.

போன மாசம் பேப்பரில், கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் மறுபடி மனு கொடுக்கலாம் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. கத்தரித்து எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் ஆபீசுக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன்.

"முனையில நாலு மணிக்கு ஒரு பொண்ணு வடைக்கடை போட்டுச்சு. காலையில இருக்காது. நான் தெனம் பாத்திருக்கேன்."

அவ்வளவுதான். குரல் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அங்கே இருந்த அதிகாரி ஒரு அம்மா, கூட்டத்துக்கு வந்தவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். "சரிதான் ஆயா. நீங்க சொல்றத எழுதிக்கறேன். ஆனா வண்டி நிக்கற எடத்துல நின்னுதான் பதிவு பண்ண முடியும். அவங்களை வண்டியோட வரச் சொல்லுங்க."

வண்டியை விற்றுவிட்டாள் என்று சொன்னேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கஷ்டம் ஆயா" என்றார்.

மறு ஞாயிறு அவளிடம் போய்ச் சொன்னேன். போகும்போது சேர்ந்துபோன பேப்பரில் ஒரு கட்டையும் தூக்கிக்கொண்டு போனேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

"நெசமாவா பேசின?"

"பேசினேன்."

"எத்தினி பேர் இருந்தாங்க?"

"அந்த ஆபீசர் அம்மா. எனக்குப் பின்னால வரிசையில ரெண்டு பேர்."

"அய்யோ, மூணு பேரு முன்னாடியா! அடுத்த எலக்ஷன்ல நில்லுக்கா" என்று சிரித்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பும்போது பேப்பர் கட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு எதுக்குக்கா இப்ப?" என்றாள். "அங்க எல்லாம் தட்டுலதான் போடறாங்க."

கட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, ரோட்டோரமாகவே நடந்து வீடு வந்தேன்.