இரண்டாம் முறை வாசித்த அறிக்கை

எங்கள் மீன்பிடித் துறைமுக அலுவலகத்தில் அக்காவின் வேலை, வானிலை மையம் அனுப்பும் கடல் அறிக்கையைக் காலையிலும் பிற்பகலிலும் வயர்லெஸ்ஸில் படகுகளுக்கு வாசிப்பது. கரையோரத்தில் அலை எப்படி, ஆழ்கடலில் காற்று எவ்வளவு, அவ்வளவுதான். படகுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அறிக்கை அக்கா'. அவர் கணவரும் ஒரு படகின் ஓட்டுநர். கடலில் இருக்கும்போது மனைவியின் குரலை அவரும் ஊரோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

சொல்லப்போனால் அறிக்கையை யாரும் கேட்டதில்லை. குரலைத்தான் கேட்டார்கள். காற்றுப் பருவம் தொடங்கிவிட்டால் தினமும் ஒரே வாசகம்: சூறைக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம். வாரக்கணக்கில் அதற்குக் கட்டுப்பட்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அதனால் அந்த 'வேண்டாம்' எப்படி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். சாதாரணமாக வந்தால் வலையை விரிப்பார்கள். கொஞ்சம் இழுபட்டால் சுருட்டுவார்கள். அக்கா இருமினால் காற்றில் பத்து கிலோமீட்டர் கூட்டிக்கொள் என்று டீக்கடையில் ஒரு கணக்கே இருந்தது.

போன மாதம் அக்காவுக்கு ஜலதோஷம். கட்டிய தொண்டையோடு 'லேசான காற்று' என்று வாசித்தார். பாதிப் படகுகள் அலறியடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டன. கடலோ எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. படகு முதலாளிகள் அலுவலகத்தில் வந்து குதித்தார்கள். அதிகாரி சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை.

"உங்க வேலை வாசிக்கிறது. சொந்தக் குரலை வீட்டுல வச்சுட்டு வாங்க," என்றார். இன்னொரு புகார் வந்தால் கோப்பு அறைக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா குரலைத் தட்டையாக்கப் பழகினார். வீட்டில் மருந்து அட்டைகளில் இருப்பதையெல்லாம் சத்தமாக வாசித்துப் பார்த்தாராம். ரயில் தாமதம் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது என்று கணவர் சிரித்தாராம்.

ஒரு புதன்கிழமை பிற்பகல். காலையில் வெகுதூரத்தில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு, எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரையை நோக்கி வருவதாக அறிக்கை வந்தது. காற்றின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆழ்கடலில் இருப்பவர்கள் உடனே திரும்ப வேண்டும். அதிகாரி கதவருகில் நின்றிருந்தார். அக்கா வாசித்தார். ஒரு சொல் ஏறவில்லை, ஒரு சொல் இறங்கவில்லை. முடித்த கையோடு, ஒரு படகு இன்னொரு படகுக்குச் சொல்வது வயர்லெஸ்ஸில் கேட்டது.

"ஒண்ணும் இல்லப்பா. அக்கா குரல் சமமாத்தான் இருக்கு. வலையப் போடு."

அது அவர் கணவரின் குரல்.

அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெள்ளைத்துணி விரித்தாற்போல் வானம். அதில் படிக்க ஒன்றுமில்லை. திரும்பி வந்து அறிக்கையை எடுத்தார், வைத்தார். மறுபடி ஜன்னல். கொடிக்கம்பத்தின் கயிறு ஆடுகிறதா, நம் கண்தான் ஆடுகிறதா என்று பக்கத்து மேசையில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மாடிப்படி வரை போய், பாதியில் நின்று, ஓடாத குறையாகத் திரும்பி வந்து மைக்கைத் திறந்தார். அதே அறிக்கையை முதலிலிருந்து வாசித்தார். ஒரு சொல் கூட்டவில்லை. ஆனால் ஓர் அறிக்கையை இரண்டு முறை வாசித்து யாரும் கேட்டதில்லை. வயர்லெஸ்ஸில் எல்லாப் பேச்சும் நின்றது.

கணவரின் குரல்தான் முதலில் வந்தது. "அலுவலகம், இதத்தான் வாசிச்சாச்சே."

"இப்ப வாசிக்கல. பேசுறேன். எல்லாரும் கிளம்புங்க." வேலை நேரத்தில் அவரைக் கணவராக ஒருநாளும் அழைக்காத அக்கா அடுத்து சொன்னார்: "ஏங்க, வலைய வெட்டிட்டு வாங்க. இழுத்துட்டு இருக்க நேரமில்ல."

"இப்பதான் விரிச்சது. முதலாளி என்னைத்தான் வெட்டுவாரு."

"கரைக்கு வந்தப்புறம் வெட்டட்டும்."

இருட்டுவதற்குள் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக அவருடையது, வலை இல்லாமல். மழை கொட்டியது. ஆனால் தாழ்வு திசை மாறி வடக்கே போய்விட்டிருந்தது. காற்று இரண்டு விளம்பரப் பலகைகளைச் சாய்த்ததோடு சரி.

கணவர் சொட்டச் சொட்ட அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"காத்து எங்க? காட்டு, பாப்போம்."

திட்டிக்கொண்டே இருந்தார். வலை, டீசல், முதலாளியின் முகம், எல்லாம் வந்தது. அக்கா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அதிகாரி இடையில் வந்து, நாளை முதல் கோப்பு அறை என்று சொல்லிவிட்டுப் போனார். கணவரின் பேச்சு அப்படியே நின்றது.

"அப்ப நாளைக்கு யாரு வாசிப்பா?"

"யாரோ. அவங்க குரலப் பாக்காதீங்க. எழுதியிருக்கிறதக் கேளுங்க."

அவர், படகின் கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்று மழைக்குள் இறங்கினார். அக்காவும் பின்னாலேயே இறங்கினார், கைப்பையைக்கூட எடுக்காமல்.